நோட்டு யார் கையில்?

கல்யாண் கிழக்கு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. மாமாவுக்கு மழையோடு வந்த முட்டுவலி மழை போன பிறகும் போகவில்லை. கேட்டால், அது கல்யாணில் வீடு வாங்கிவிட்டது, இனிப் போகாது என்கிறார். உங்க அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானா? அவனிடம் கேட்காதே, அட்டையை எண்ணிப் பார்.

நீ போனில் பேசி அனுப்பியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நானும் பேசியே அனுப்பியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் எனக்குக் கதை கிளைவிட்டுப் போய்விடும், தாளில் என்றால் கொஞ்சம் அடங்கும்.

உன் குறை புரிகிறது. கூட்டம் போடுகிறாய், பெண்கள் வருகிறார்கள். கோலப்பொடியால் தரையில் ஊரை வரைகிறார்கள். எது ஓட்டு வீடு, எந்த வீட்டில் கிழவி தனியாகக் கிடக்கிறாள் என்று புளியங்கொட்டை வைத்துக் காட்டுகிறார்கள். பிறகு டீ குடித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக் கலைகிறார்கள். நீயும் 'மக்கள் பங்கேற்புடன் திட்டமிடப்பட்டது' என்று எழுதி மேலே அனுப்புகிறாய். கடைசியில் வருவது பக்கத்து வட்டாரத்துக்கு வந்த அதே பினாயில் தயாரிக்கும் பயிற்சி. "தாராவியில நீங்கல்லாம் எப்படி அத்தை செஞ்சீங்க?" என்று கேட்டாய்.

தாராவியில் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று நினைத்துக்கொண்டு கேட்காதே. பாதி நடந்தது, பாதி கெட்டது. இரண்டையும் பார்த்தவளாக ஒன்று சொல்கிறேன். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பதை விடு. கூட்டம் கலைந்தபின் அந்தப் பதிவேட்டு நோட்டு யார் கையில் போகிறது என்று பார். இப்போது அது உன் பையில் போகிறது.

கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்த புதிது. 1985-ல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பங்கு தாராவியைச் சீர்ப்படுத்த. சீர்ப்படுத்துவதென்றால் முதலில் அங்கே எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே. அரசாங்கக் கணக்கில் தாராவி என்பது 55,000 குடும்பங்கள், சுமார் 3 லட்சம் ஜனம். இவ்வளவு பேருக்கும் இங்கே இடம் கிடையாது, ஒரு பங்கை வெளியே அனுப்பவேண்டும் என்ற பேச்சும் கூடவே வந்தது. தேசிய குடிசைவாசிகள் சம்மேளனத்துக்காரர்கள், அப்படியானால் நாமே எண்ணிப் பார்ப்போம் என்று 1986-ல் இறங்கினார்கள். வந்த கணக்கு என்ன தெரியுமா? 5 லட்சத்து 30 ஆயிரம் பேர். அதோடு 1,044 தொழிற்கூடங்கள். அந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். ஆபீசிலிருந்து எண்ண வருகிறவர் பகல் பதினொரு மணிக்கு வருவார், கதவை எண்ணுவார். எங்கள் சந்தில் ஒரு கதவுக்குப் பின்னால் மூன்று அடுப்பு எரியும். மேலே போட்மாலா, மரத்தட்டுப் போட்ட மாடி. அதில் தையல் மெஷினுக்கு அடியிலேயே படுத்துக்கொள்ளும் பையன்கள் இருப்பார்கள். நைட் ஷிப்டுக்காரன் தூங்குவான், கதவைத் திறக்கமாட்டான். இட்லி விற்கிறவர்கள் விடியுமுன் அவித்து இறக்கி, அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலேறிப் போயிருப்பார்கள். இதெல்லாம் சந்துக்காரிக்குத்தான் தெரியும். எங்கள் பக்கம் எண்ண வந்தவர்களோடு நானும் போனேன். இந்தி அப்போது எனக்கு அரைகுறை, ஆனால் எந்த வீட்டில் எத்தனை தட்டு கழுவுகிறார்கள் என்று தெரியும். அந்த வேலைக்கு அது போதும்.

இந்தச் சம்மேளனத்தை நடத்திய ஜோக்கின் அற்புதம் நம் ஆள்தான், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960களில் பம்பாய்க்கு வந்து, மான்குர்ட் பக்கத்து ஜனதா காலனியில் தச்சு வேலை செய்தவர். காலனிக் குப்பையை முனிசிபாலிட்டி அள்ளவில்லை என்று, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலிலேயே போடவைத்தாராம். அந்தக் காலனியையே எமர்ஜென்சிக் காலத்தில், 1976-ல் இடித்து, ஜனங்களைச் சீட்டா கேம்புக்கு அனுப்பினார்கள். கோஷம் போட்டும் கோர்ட்டுக்குப் போயும் பார்த்த மனுஷர், பிறகு கணக்கெடுக்கிற வேலைக்கு வந்தார். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ, 2018-ல் காலமானார். கோஷத்தை விட்டுவிட்டு அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசுகிறார் என்று அவரைத் திட்டியவர்களும் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதமும் இல்லை, முழு மறுப்பும் இல்லை. உட்கார்ந்து பேசும்போது அவர் வெறுங்கையோடு உட்காரவில்லை என்பதை மட்டும் கவனி. அதிகாரியிடம் இல்லாத கணக்கு அவரிடம் இருந்தது.

பைக்குல்லாவில் நடைபாதையில் குடியிருந்த பெண்கள் அதே 1986-ல் மகிளா மிலன் என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். ஷீலா படேலும் கூட்டாளிகளும் 1984-ல் ஆரம்பித்த ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம் கூட நின்றது. அவர்கள் சேமிப்பு தினப்படி. ஒருத்தி வீடு வீடாகப் போவாள். ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ, இருந்தால் கொடு, இல்லாவிட்டால் நாளைக்குக் கொடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிளாஸ்டிக் பைக்குள் கலர் காகிதம், இன்ன கலருக்கு இன்ன தொகை. தன் பையைத் தானே எண்ணிக்கொள்ளலாம், யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். உங்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் மாதம் ஒரு நாள் நூறு ரூபாய் கட்டி, அதைத் தர மதிப்பீட்டுக்குக் காட்டி, பேங்க் கடன் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். பைக்குல்லாவில் அந்தச் சேமிப்புக்காரி தினமும் வாசலில் நிற்பதால் யாருக்குக் காய்ச்சல், யார் புருஷனுக்கு வேலை போனது, யார் வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டாள் என்பதெல்லாம் அன்றன்றைக்கே தெரிந்துவிடும். பணத்தைவிட அந்தச் சேதிதான் பெரிய சொத்து என்பது என் எண்ணம். வீடு எப்படி வேண்டும் என்றும் அவர்களே யோசித்து, ஆளுயர மாதிரி வீடு கட்டிக் கண்காட்சி வைத்தார்கள். பதினாலடி உயரம் வேண்டும், உள்ளே பரண் மாடி வேண்டும் என்றார்கள். படுக்க மேலே, தொழில் பார்க்கக் கீழே. இன்ஜினியர் வரைந்திருந்தால் பரண் வந்திருக்குமா?

ரயில் பாதையோரக் குடிசைகளிலும் இதே வழிதான் நடந்தது. 1988-லேயே குடியிருந்தவர்களே சேர்ந்து, தண்டவாள ஓரத்தில் சுமார் 18,000 குடும்பங்கள் என்று எண்ணி வைத்திருந்தார்கள். பத்து வருஷம் கழித்து உலக வங்கிக் கடனில் ரயில் பாதைகளைப் பெருக்கும் திட்டம் வந்தபோது அந்தக் கணக்கு கைகொடுத்தது. பட்டியலை ஊருக்கு முன் ஒட்டினார்கள், ஆட்சேபணை கேட்டார்கள். ஐம்பது ஐம்பது குடும்பமாகக் கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். போலீஸ் தடியில்லாமல் கிட்டத்தட்ட 60,000 பேர் இடம் மாறினார்கள். கல்யாணிலிருந்து சி.எஸ்.டி. போகும்போது குர்லா தாண்டி ஜன்னலில் பார், தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவே வெறும் இடம் கிடக்கும். ஒரு காலத்தில் அங்கே அடுப்புப் புகை ரயிலுக்குள் வரும்.

உலகமெங்கும் பாராட்டிய வேலை அது. அதே திட்டத்தில் ரோடு வேலையும் சேர்ந்திருந்தது, அந்தப் பகுதியில்தான் கோளாறு வந்தது. வீடுகளுக்கு ஒரு கணக்கு, கடைகளுக்கு எப்படி? ரோடு அகலப்படுத்த இடம் கொடுத்த கடைக்காரர்களுக்கு, கடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 225 சதுர அடி என்றார்கள். பட்டறை, மரக்கடை, ஆள் வைத்து வேலை செய்கிறவன் எல்லாருக்கும் ஒரே அளவு. கொடுத்த இடமோ வாடிக்கைக்காரன் எட்டிப் பார்க்காத மூலை. 2004-ல் கடைக்காரர்கள் உலக வங்கியின் விசாரணைக் குழுவுக்கே புகார் எழுதினார்கள். 2005 கடைசியில் அறிக்கை வந்தது, 2006 மார்ச்சில் உலக வங்கி அந்தப் பகுதிகளுக்குப் பணத்தையே சில மாதம் நிறுத்திவைத்தது. பங்கேற்பு என்று பேர் வாங்கிய திட்டம், செல்வி! வீட்டை எண்ணினவர்கள் பிழைப்பை எண்ணவில்லை.

இது எனக்கு ஏட்டுப் பாடம் இல்லை. தாராவியில் எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, நூற்றிருபது சதுர அடி. அதில் நான் முறுக்குச் சுட்டு விற்றேன். மாவு அரைக்கிற கடை எதிரே, எண்ணெய்க் கடைக்காரர் கடன் தருவார், பண்டிகைக்கு ஆர்டர் கூடினால் சந்தில் நாலு பெண்கள் பிழிய வந்துவிடுவார்கள். சரக்கு மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் போகும். பையன் வேலைக்குப் போய் கல்யாணில் இந்த வீடு வாங்கினான். குளியலறை உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு, ஜன்னலில் காற்று உண்டு. முறுக்கு இல்லை. மாவுக்கடையையும் சந்தையும் நாலு பெண்களையும் எப்படித் தூக்கிக்கொண்டு வருவது? மாமாவின் தோல் பை வேலை தாராவியிலேயே இருந்தது. ஓய்வெடுக்கும் வரை சயானுக்கு ஸ்லோ லோக்கலில் தொங்கிக்கொண்டு போய்வந்தார், பாஸ்ட் வண்டி சயானில் நிற்காது. நாங்களாக விரும்பி வந்தோம், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. அனுப்பப்படுகிறவர்கள் பாடு வேறு.

இப்போது தாராவி முழுசையும் மாற்றப்போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்கு ஏலம் எடுத்தது. குழுமத்துக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20 பங்கு என்று ஒரு கம்பெனி. 2024 மார்ச்சிலிருந்து சந்து சந்தாகக் கணக்கெடுப்பு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. போட்மாலாக்காரர்களுக்கு வெளியே எங்கோ வாடகை வீடு. எங்கள் பழைய சந்தில் இளவட்டங்கள், வரட்டும் என்கிறார்கள். லிப்ட் வேண்டும், வீட்டுக்குள் கக்கூஸ் வேண்டும். அதில் என்ன தப்பு? வரிசையில் நின்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். கும்பார்வாடாவில் மண்பானைக்காரர்கள் மட்டும், சூளை எந்த மாடியில் வைப்பது என்று கேட்கிறார்கள். எங்கள் சந்துக்காரர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்: கணக்கெடுக்க வந்தவர்கள் வெளியாட்கள், டேப்லெட்டில் பதிந்துகொண்டார்கள், என்ன பதிந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. 1986-ல் எண்ணினபோது சண்டை போடவாவது கையில் ஒரு எண் இருந்தது.

இனி உன் ஊருக்கு வருகிறேன். நாங்குநேரிப் பக்கம் உன் பெண்கள் பாதிப் பேர் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள் என்றாய். அவர்களைத் தூக்கிப் பினாயிலில் போடு என்று யார் சொன்னது? பம்பாயில் லிஜ்ஜத் அப்பளம் கேள்விப்பட்டிருப்பாய். 1959 மார்ச் 15, கிர்காவில் ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடி. ஏழு குஜராத்திப் பெண்கள், 80 ரூபாய் கடன், முதல் நாள் நாலு பாக்கெட். இன்று 40,000 பெண்களுக்கு மேல். தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் பொப்பட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வேலை எப்படி நடக்கிறது பார். காலையில் பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். தேய்த்துக் காயவைத்து மறுநாள் அப்பளமாகக் கொடுக்கிறாள், தரம் பார்க்கிறார்கள், கூலி வாங்குகிறாள். இதில் பீடிக்கும் அப்பளத்துக்கும் என்ன வித்தியாசம்? இலையும் தூளும் எடை போட்டு வாங்கி, வீட்டில் சுற்றி, கட்டுக் கட்டி, கடையில் கொடுத்து, கழிவு போக எண்ணி வாங்குவது. அச்சு அசல் அதே வேலை. ஒரே ஒரு வித்தியாசம்தான். லிஜ்ஜத்தில் மாவை எடை போடுகிறவளும் கழிவு தள்ளுகிறவளும் அப்பளம் தேய்த்த கையோடு வந்தவள். உறுப்பினர் என்றால் பெண்தான், ஆண்கள் சம்பளத்துக்கு டிரைவர், குமாஸ்தா. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் கிளையில் எல்லாருக்கும் பங்கு. ஆரம்பத்திலேயே தானம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தவர்கள். இதிலெல்லாம் யாரும் பணக்காரியாகிவிடவில்லை, தினக்கூலி தினக்கூலிதான். ஆனால் நோட்டைத் திருப்பிப் பார்க்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

உன் பீடிக்காரிகளால் நாளைக்கே கம்பெனி வைக்க முடியாது. அந்த ஆசையைக் கிளப்பிவிட்டு நீ மாற்றலாகிப் போய்விடாதே. ஒரு வேலை செய். ஒரு தெருவில் ஒரு வாரம் எவ்வளவு இலை வாங்கினார்கள், எத்தனை கட்டுக் கொடுத்தார்கள், எத்தனை கழிவு என்று போனது, பீடிக்கடைப் பாஸ்புக்கில் எத்தனை ஏறியது என்று அவர்களே எழுதட்டும். எழுதத் தெரியாதவள் கலர் காகிதம் போடட்டும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். நீ பேசவேண்டிய தேவை குறையும். அதுபோலவே பனையோலைப் பெட்டி முடைகிறவர்கள், ஆடு வைத்திருக்கிறவர்கள், இட்லி மாவு விற்கிறவள். ஊரில் ஏற்கெனவே நடக்கிற தொழிலை முதலில் எண்ணு. தாராவியில் 1,044 என்று எண்ணினார்களே, அப்படி எண்ணினால்தான் ஒரு சேரியைத் தொழில்பேட்டை என்றும் பேச முடியும்.

இப்படி எண்ணிப் பார்த்தவர் ஒருவர் தமிழ்நாட்டிலேயே உண்டு. திருவள்ளூர் பக்கத்தில் குத்தம்பாக்கம் இருக்கிறதே, இளங்கோ ஊராட்சித் தலைவராக இருந்த ஊர், ஒரு விடுமுறைக்குப் போய்ப் பார். கெமிக்கல் இன்ஜினியர், வேலையை விட்டுவிட்டு 1996-ல் தேர்தலில் நின்று ஜெயித்தவர். ஊருக்குள் ஜனங்கள் எண்ணெய், பருப்பு, சோப்பு என்று எதற்குச் செலவழிக்கிறார்கள், அதில் எதை ஊரிலேயே செய்யலாம் என்று யோசித்தவர். சாக்கடை கட்டும்போது கல் பட்டறைக் கழிவுக் கல்லை வைத்துச் செலவைக் குறைத்தார், அது விதிமீறல் என்று பதவியிலிருந்து இடைநீக்கமே செய்தார்கள். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது, பதவி திரும்பியது. சபையில் கணக்கை வாசித்துக் காட்டியிருந்தால் ஜனம் நிற்கும். கேரளத்தில் அதே 1996-ல் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பஞ்சாயத்துகளுக்கே கொடுத்துவிட்டு, என்ன செய்வதென்று கூடிப் பேசுங்கள் என்றார்கள். பணம் முதலில், கூட்டம் பிறகு. நம்மூரில் கூட்டம் முதலில், பணம் வந்தால் வந்தது. பெண்கள் டீயோடு எழுந்து போவதில் ஆச்சரியம் இல்லை. நானும் போயிருப்பேன்.

உன் மேலதிகாரி அறிக்கை கேட்பார், படம் கேட்பார். கொடு. அவரோடு மல்லுக்கு நிற்காதே, உன் வேலை போனால் அந்தப் பெண்களுக்கும் லாபமில்லை. பதிவேடு இரண்டாக எழுது, ஒன்று உன் ஆபீசுக்கு, ஒன்று ஊரில். ஊர் நோட்டை ஊராட்சித் தலைவர் வீட்டில் வைக்காதே. குழுத் தலைவி வீட்டிலும் வேண்டாம், அவளுக்கு ஏற்கெனவே பவுசு அதிகம் என்று நீயே சொன்னாய். நூலகமோ ரேஷன் கடையோ, எல்லாத் தெருக்காரிகளும் கூச்சமில்லாமல் போகிற இடமாகப் பார். நம்மூரில் எல்லாத் தெருவும் எல்லா வாசலையும் மிதிக்க முடியாது, அதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் ஏழை என்று ஊராரே சொல்லி எடுக்கிற மக்கள் நிலை ஆய்வுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் பெரிய எழுத்தில் ஒட்டு, மழையில் கரையாத மையில் எழுது, ஆட்சேபணைக்கு ஒரு வாரமாவது விடு. யாரும் சண்டைக்கு வரவில்லையென்றால் யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

பினாயில் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்றால் நடத்திவிடு, கக்கூஸ் கழுவவாவது ஆகும். அடுத்த கூட்டத்தில் பாஸ்புக்குகளை எடுத்துவரச் சொல். கழிவு எவ்வளவு போகிறது என்று எழுதி எனக்கு அனுப்பு. இங்கே கீழ்வீட்டுப் பெண் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள், அவளிடம் காட்டிக் கேட்கலாம்.

மாமா கருப்பட்டி கேட்கிறார். இங்கே கிடைப்பதில் சீனிப்பாகு கலக்கிறார்கள், வாயில் வைத்தாலே தெரிகிறது. யாராவது நெல்லையிலிருந்து தாதர் வண்டியில் வந்தால் கொடுத்தனுப்பு. பனையேறி வீட்டுப் பெண்ணிடமே வாங்கு, அவள் சொல்கிற விலையைக் கொடு.

அன்புடன்,
அத்தை